மாடிப்படிக்கு அடியில் ஓடும் பெட்டி

வெள்ளிக்கிழமை காலையில் மாடிப்படிக்கு அடியில் இருக்கும் அந்தப் பெட்டியைத் திறந்து தூசி எடுப்பது ரெஹானாவின் வேலை. கணவர் நத்தர்ஷாவுக்குத் தூசி ஆகாது. ஒரு தும்மல் போட்டாரென்றால் தெரு முழுக்கக் கேட்ட பிறகுதான் நிற்கும். மகள் யாஸ்மினுக்கு அதைத் தொடவே பயம். ஆகவே அரிசியில் கல் பொறுக்குகிற கைதான் பெட்டிக்குள்ளும் போனது. முடிக்குச் சாயம் பூசும் பிரஷ் ஒன்று, சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பு ஒன்று. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிவிட்டு, உள்ளே சுற்றும் சின்ன விசிறியின் ஓரம் பிரஷ் படாமல், மூலைமுடுக்கில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் தூசியை இழுத்து வெளியே தள்ள வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்ய வேண்டும். அணைக்கக் கூடாது.

முன்பெல்லாம் அணைத்துவிட்டுத்தான் துடைப்பாள். அணைக்கக் கூடாதென்று ஆனது நோன்பு மாதத்திற்குப் பிறகுதான்.

பெட்டி ஒரு பழைய கம்ப்யூட்டர். உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்த பிரவுசிங் சென்டரை மூடியபோது எடைக்குப் போக இருந்ததை, உரக்கடையில் வேலை முடிந்து வருகிற வழியில் நத்தர்ஷா தூக்கிக்கொண்டு வந்தார். பல வருஷம் பரணில் கிடந்தது. திரை கெட்டுப் போய் அதைக் குப்பையில் போட்டார்கள். ஹார்ட் டிஸ்க்கும் போனது. ஒரு வீடியோ பார்க்கிற திராணி அதற்கு இல்லை. அப்படிப்பட்டதை இறக்கி, இரண்டு கார்டு சொருகி, வீட்டு இன்டர்நெட்டை எல்லா அறைக்கும் பங்கு வைக்கிற ரூட்டராக மாற்றிவிட்டார் அவர். அதற்கான மென்பொருளுக்குக் காசில்லை. உலகத்தில் யார் யாரோ சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருக்கிறார்களாம். ஒரு பழைய பென்டிரைவில் மூலையில் அடங்கிவிடுகிற அளவு. இரண்டு மாதம் ராத்திரிச் சோறு ஆற ஆறப் படித்துப் படித்துப் போட்டார்.

"இதுக்கு மூளை வேணாம் ரெஹானா. வாய்க்கால்ல தண்ணி பாய்ச்சுறவன் மாதிரி. எந்த மடையத் தொறக்க, எந்த மடைய அடைக்கன்னு தெரிஞ்சாப் போதும்."

வீட்டுக்கு இரண்டு லைன். ஒன்று கேபிள்காரர் கோட்டைச்சாமி கொடுத்தது. இன்னொன்று வேறொரு கம்பெனியுடையது. ரோட்டை அகலப்படுத்துகிறோமென்று ஜேசிபி வைத்துத் தோண்டுகிறவர்கள் வாரத்துக்கு ஒரு ஒயரையாவது அறுத்தார்கள். ஒன்று அறுந்தால் பெட்டி கண்மூடித் திறப்பதற்குள் மற்றதற்கு மாறிவிடும். மாறியது யாருக்கும் தெரியாது. அதைப் பார்த்துவிட்டுக் கோட்டைச்சாமியே ஒருநாள் வாசலில் ஏணி மேல் நின்று சிரித்தார்.

"அண்ணே, இத மியூசியத்துக்குக் குடுங்க. நான் புதுப் பெட்டி சும்மாவே மாட்டித் தாரேன்."

"ஒம் பெட்டி ஏகபத்தினிக்காரன்ப்பா. ஒன் ஒயரு அறுந்தா முக்காடு போட்டு ஒக்காந்துரும். இவன் ரெண்டு வீட்டுக்கும் போயிட்டு வருவான்."

"இந்த வீட்ல அவனுக்கு மட்டுந்தான் அந்த உரிமை," என்று உள்ளேயிருந்து ரெஹானா சொன்னாள். கோட்டைச்சாமி சிரித்த சிரிப்பில் ஏணியிலிருந்து விழப் பார்த்தார்.

அது சிரிப்பான காலம். இந்த வெள்ளிக்கிழமை ரெஹானா பிரஷை உள்ளே விடவே தயங்கினாள். விசிறி மேல் பட்டுவிடுமோ என்று பாதியில் நிறுத்தித் தகட்டை மூடினாள்.

யாஸ்மினுக்கு இருபத்தேழு வயது. சின்னமனூரில் கட்டிக் கொடுத்து, அங்கே இருக்க முடியாமல் ஜமாத்தில் குலா என்கிற விவாகரத்து வாங்கிக்கொண்டு வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. வந்த மூன்றாம் மாதம் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை பிடித்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் நோயாளிக் குறிப்புகளைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் வைத்தியத்துக்கும் உரிய எண்ணைப் போடுகிற வேலை. மாடி அறையில் உட்கார்ந்தே செய்யலாம். வந்த புதிதில் தட்டில் வைத்த சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள், வாய்க்குப் போகாது. வேலை வந்த பிறகு, "அம்மா, கருவாடு இல்லையா?" என்று கேட்டுச் சாப்பிடுகிறாள். ரெஹானாவுக்கு அந்த வேலையைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். அது போதுமானதாகவும் இருந்தது.

நத்தர்ஷாவின் அக்கா சாபிரா பக்கத்து ஊரான தேவாரத்தில் இருக்கிறார். ஆறு மாதமாக அவர் அந்த ஊரிலேயே யாஸ்மினுக்கு ஒரு சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார். ஏலக்காய் வியாபாரி. மனைவி மௌத்தாகி இரண்டு பிள்ளைகளோடு இருப்பவர். தோப்பு, வீடு, மார்க்கத்தில் பிடிப்பு, எதற்கும் குறைவில்லை. யாஸ்மின் தன் அத்தா நத்தர்ஷாவை நேருக்கு நேர் பார்த்து ஒரு வார்த்தை கொடுத்தாள்.

"இந்த வேலை எங்கையில இருக்கிறவரைக்கும் கல்யாணப் பேச்சு எடுக்காதீக அத்தா. வேலை போச்சுன்னா நீங்க கை காட்டுற எடத்துக்கு வாயத் தொறக்காமப் போறேன்."

நத்தர்ஷா ஒத்துக்கொண்டார். சொன்ன சொல் மாறாத மனிதர். அன்றிலிருந்து பெட்டியை முன்னைவிட அக்கறையாகப் பார்த்தார். விசிறி ஒன்று தேய்ந்துவிட்டதென்று மதுரை போய் அரை நாள் அலைந்து அதே அளவில் வாங்கி வந்தார்.

கெடுதல் ரெஹானாவின் கையால் வந்தது. நோன்பு நேரத்தில் ஒருநாள் விடியற்காலை சஹர் சாப்பாட்டுக்கு முன்னால் நத்தர்ஷாவுக்குச் சர்க்கரை பார்க்க வேண்டியிருந்தது. பார்க்கும் கருவி உயிரில்லாமல் கிடந்தது. திறந்து பார்த்தாள், காசு மாதிரி ஒரு வட்டப் பேட்டரி. இதே மாதிரி ஒன்றைப் பெட்டிக்குள் வெள்ளிக்கிழமைதோறும் பார்க்கிறோமே என்று நினைவு வந்தது. போய் நகத்தால் நெம்பி எடுத்தாள். பெட்டி நிற்கவில்லை, அதுபாட்டுக்கு ஓடியது. இது இல்லாமலேயே ஓடுகிறதென்றால் எதற்கு இது என்று அதைக் கருவிக்குப் போட்டுவிட்டாள். பழசு. அங்கேயும் ஒரு மாதம்தான் தாங்கியது.

எதற்கு என்பது பின்னால் தெரிந்தது. கரண்டு போய் இன்வெர்ட்டருக்கு மாறுகிற கண்சிமிட்டலை அந்தப் பழைய பெட்டி தாங்காது. ஒருமுறை அணைந்து எழும். முன்பெல்லாம் எழுந்த கையோடு தானாக வேலைக்குப் போய்விடும். பேட்டரி இல்லாத பெட்டிக்கு எழுந்ததும் எதுவும் ஞாபகமில்லை. கீபோர்டில் மேல்வரிசையில் ஒரு பட்டனை அழுத்தினால்தான் மேற்கொண்டு போவேன் என்று, இல்லாத திரையில் எழுதிக் காட்டிவிட்டுச் சும்மா நின்றது. முதல் தடவை அப்படி நின்றபோது நத்தர்ஷா கடையில் இருந்தார். கோட்டைச்சாமியைப் போனில் பிடித்து வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு, வீட்டுக்கு வந்து பார்த்த பிறகுதான் சங்கதி தெரிந்தது. பழைய கீபோர்டு ஒன்றைத் தேடிச் சொருகி, பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டு, பட்டனை அழுத்தினார். அதற்குள் யாஸ்மினின் மீட்டிங் முடிந்துவிட்டது.

"ஏன்டி, சுகர் மிசினுக்கு வைக்க ஊர்ல பேட்டரியே இல்லையா?" என்று மட்டும் கேட்டார். திட்டவில்லை. "நாளைக்கு வாங்கியாறேன்."

நாளைக்கு வாங்கி வரவில்லை. மறந்துவிட்டாராம். மறுநாள் கடையில் லோடு இறங்கியதாம். அதற்கடுத்த நாள் பர்ஸை எடுக்கவில்லையாம். இரண்டாவது தடவையும் பெட்டி நின்றது. மறுபடி மீட்டிங் போயிற்று. "கீபோர்டு மாட்டியே கெடக்கு, நான் இருக்கேன்ல, ஒரு அழுத்து அழுத்துனா முடிஞ்சுச்சு," என்றார். விசிறிக்கு மதுரை வரை போன மனிதர், பஸ் ஸ்டாண்டு வாட்ச் கடையில் கிடைக்கிற ஒரு வட்டப் பேட்டரியை மறந்துகொண்டே இருந்தது ரெஹானாவுக்குள் எங்கேயோ உறுத்தியது. உறுத்தினதை வெளியே எடுத்துப் பார்க்க அவளுக்கு மனசில்லை.

கம்பெனிக்காரர்கள் கடைசியாகச் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வெளிநாட்டு ஆள் ஒருவர் எல்லோருடைய வேலையையும் நேரடியாகப் பார்க்கப் போகிறார். அதில் பத்து நிமிடத்துக்கு மேல் விட்டுப்போனால் வீட்டிலிருந்து வேலை கிடையாது. சென்னைக்கு வந்து ஆபீசில் உட்கார வேண்டும். போன் நெட்டில் செய்யவும் கூடாது. தனியாகச் சென்னை என்ற பேச்சுக்கே நத்தர்ஷா வீட்டில் இடமில்லை. ஆக, பெட்டி நின்றால் வேலை போயிற்று. வேலை போனால் தேவாரம்.

வியாழக்கிழமை சாயங்காலம் ரெஹானாவே புர்காவை மாட்டிக்கொண்டு வாட்ச் கடைக்குப் போனாள். ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

"அவரு வீரபாண்டிக்கு அக்கினிச்சட்டி எடுக்கப் போய்ட்டாருல்ல. நாளைக்குத் தேரு. சனிக்கிழமை வாங்கம்மா."

வீரபாண்டித் தேருக்கு ஜில்லா முழுக்க லீவு. உரக்கடைக்கும் லீவு. ஜும்மா தொழுதுவிட்டு வந்த நத்தர்ஷா வீட்டிலேயே இருந்தது ரெஹானாவுக்கு முதலில் ஆறுதலாகத்தான் பட்டது. பட்டன் அழுத்த ஆள் இருக்கிறது.

யாஸ்மின் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு மாடி ஏறினாள். படியில் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"அத்தா, பக்கத்துலயே இருங்க. அங்கன இங்கன போயிறாதீக."

"போ ஆத்தா. இங்கனதான் ஒக்காந்திருக்கேன்."

பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்தார். வெங்காய மூட்டைக்கும் பெட்டிக்கும் நடுவில் முழங்கால் இடித்தது. ரெஹானா ஏனத்தைக் கழுவிக்கொண்டிருக்கும்போது அவருடைய போன் அடித்தது. குரலைத் தாழ்த்திப் பேசினார். தாழ்த்திப் பேசுகிற பேச்சுதான் அடுப்படிக்குத் தெளிவாகக் கேட்கும்.

"இல்லக்கா... ம்... அவுகள பொழுதடைய மகரிபு வரைக்கும் பொறுக்கச் சொல்லுக... இன்னைக்குத் தெரிஞ்சுரும்க்கா. ஆமா. இன்னைக்கு முடிவாத் தெரிஞ்சுரும்."

குழாயை மூடிவிட்டு ரெஹானா வெளியே வந்தாள். "யாரு, மதினியா?"

"ம்."

"என்ன தெரிஞ்சுரும்னு சொன்னீக?"

"சும்மா கேட்டாக." அவர் பெட்டியின் முகத்தில் மினுக்கும் பச்சை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேகமலைப் பக்கம் வானம் கறுத்துவிட்டது. சித்திரை வெயில் நாலு நாள் காய்ந்தால் ஐந்தாம் நாள் இடியோடுதான் வரும். முதல் இடி தூரத்தில் உருண்டது. உடனே பக்கத்து வீட்டுச் சந்தனம்மாளின் குரல் சுவருக்கு மேலே வந்தது. இடி கேட்டதும் சுவருக்குச் சுவர் குரல் கொடுப்பது அந்தத் தெருவின் வழக்கம்.

"ரெஹானா, பிளக்கெல்லாம் புடுங்கிட்டியா?"

"புடுங்கிக்கிட்டே இருக்கேன்க்கா."

"போன வருசம் எங்க பிரிட்ஜு வெந்து போனது ஞாபகம் இருக்கட்டும். ஒண்ண விடாத."

பிரிட்ஜ், டிவி, கிரைண்டர், வாஷிங் மிஷின் என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பெட்டியின் பிளக் முன்னால் வந்து நின்றாள். கை தானாக அதை நோக்கி நீண்டது. இருபது வருஷப் பழக்கம். கையை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள். மேலே யாஸ்மின் ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசுவது கேட்டது. அந்தக் குரல் ரெஹானாவுக்கு எப்போதும் வேறு யாரோ பெண்ணுடைய குரல் மாதிரி இருக்கும். நல்ல தைரியமான பெண்.

"விழுந்துச்சுன்னா பெட்டி கருகிப் போகும்," என்றாள்.

"விழட்டும். பாப்போம்," என்றார் நத்தர்ஷா.

இரண்டாவது இடி வீட்டுத் தலைமேலேயே வெடித்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. கரண்டு போயிற்று. இன்வெர்ட்டர் கிளிக்கென்று பிடித்துக்கொண்டது. டியூப்லைட் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தது. பெட்டியின் விசிறி ஓய்ந்து, மறுபடி சுழன்று, ஒரு பீப் சத்தம் கொடுத்தது. பிறகு ஒன்றுமில்லை. முகத்தில் மினுக்கிக்கொண்டிருந்த பச்சை விளக்கு மினுக்கவில்லை.

"அத்தா! போச்சு," என்று மேலேயிருந்து யாஸ்மின் கத்தினாள்.

"பாக்குறேன் ஆத்தா."

ரெஹானா அடுப்படிப் பக்கம் திரும்பி ஜன்னலைச் சாத்தினாள். சாரல் உள்ளே அடித்தது. சாக்கைப் போட்டுத் தரையைத் துடைத்தாள். எழுந்து வந்து பார்த்தபோது நத்தர்ஷா அப்படியே உட்கார்ந்திருந்தார். கீபோர்டு அவர் மடியில் இருந்தது. இரண்டு கையும் அதன் மேல் இருந்தன. விளக்கு மினுக்கவில்லை.

"அழுத்துனீகளா?"

அவர் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, அழுத்துனீகளான்னு கேக்குறேன்."

"இரு."

"என்னத்துக்கு இரு?"

"அத்தா, வரலையே," என்றது மேல்குரல். இந்தத் தடவை கத்தலில்லை, கெஞ்சல். "பத்து நிமிசந்தான் அத்தா."

நத்தர்ஷா மேலே பார்க்காமல் ரெஹானாவிடம்தான் பேசினார், தொண்டைக்குள்ளேயே.

"நான் நிறுத்தல ரெஹானா. நீயே பாத்த. தானா நின்னுருக்கு."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பேட்டரி, லோடு, பர்ஸ் எல்லாம் ஒரே நூலில் வந்து கோத்துக்கொண்டன.

"தானா நின்னா?"

"தானா நின்னத நாம ஏன் எழுப்பணும்? கேளு. நான் இருக்கிறவரைக்கும் இத எழுப்பிக்கிட்டே இருப்பேன். எனக்கும் சுகரு ஏறிக்கிட்டே போகுது. அப்பறம் யாரு எழுப்புவா? நீயா? மாடியில ஒத்தையில ஒக்காந்து கம்ப்யூட்டரப் பாத்துக்கிட்டே அவளுக்கு வயசு போயிரும். அது நல்ல எடம். அக்கா கெட்டது செய்ய மாட்டாக."

"கெட்டதுன்னு நான் சொன்னேனா?"

"பெறகு?"

"அவ ஒங்க சொல்ல நம்பி மேல ஒக்காந்திருக்கா."

"நான் சொல்ல மீறலையே. கரண்டு போனதுக்கு நானா பொறுப்பு?"

அவர் குரலில் சூது இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. மெய்யாகவே நம்பிப் பேசினார். முப்பது வருஷத்தில் இந்த மனிதர் அவளிடம் ஒரு பொய் சொன்னதில்லை. தனக்குத்தானே ஒன்றைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதை எந்த வார்த்தையைப் போட்டு உடைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. யோசிக்க நேரமும் இல்லை. மேலே நாற்காலி நகர்ந்தது. காலடி படிக்கட்டின் மேல்முனை வரை வந்து நின்றது.

"அம்மா? அத்தா என்ன செய்றாக?"

"நீ போய் ஒக்காரு," என்று ரெஹானா சத்தமாகச் சொன்னாள். "வந்துரும். போய் ஒக்காரு."

காலடி திரும்பியது. ரெஹானா குனிந்தாள். வெங்காய மூட்டை மேல் ஒரு கையை ஊன்றி, மறு கையை அவர் மடிக்கு நீட்டினாள். இரண்டு தடவை அவர் அழுத்துவதைப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள். மேல்வரிசையில் தனியாக ஒன்று, சந்து விட்டு அதற்கடுத்தது. அவர் கையை எடுக்கவில்லை. தடுக்கவும் இல்லை. அவருடைய இரண்டு கைகளுக்கும் நடுவே ஈர விரலை விட்டு அழுத்தினாள்.

ஒன்றும் ஆகவில்லை. தப்பானதை அழுத்திவிட்டோமோ என்று இன்னும் குனிந்து எழுத்தைப் பார்த்தாள். அதேதான். பெட்டி உள்ளுக்குள் கரகரத்தது. பென்டிரைவின் சிவப்பு விளக்கு ஒன்று துடித்தது. இவ்வளவு பழசு எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று அவள் எண்ணிப் பார்த்ததே இல்லை. மழை இறங்கிவிட்டது. சந்தனம்மாள் வீட்டுத் தகரத்தில் அது விழுகிற சத்தத்தில் மேலே யாஸ்மின் அழுகிறாளா என்பது கேட்கவில்லை. நத்தர்ஷா மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

பச்சை விளக்கு ஒரு தடவை மினுக்கியது. நின்றது. பிறகு விடாமல் மினுக்கத் தொடங்கியது.

மழைக்கு ஊடே மேலேயிருந்து அந்தத் தைரியமான பெண்ணின் குரல் வந்தது. ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டது. அதற்கு மேல் சரளமாகப் பேசிக்கொண்டே போனது. ரெஹானா முந்தானையால் கீபோர்டின் ஈரத்தை ஒற்றினாள். அவர் மடியிலேயே அதை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்த் தேயிலைத் தண்ணீரை வைத்தாள். அது கொதித்து வழிந்து அடுப்பை அணைத்த பிறகுதான் பார்த்தாள்.

பள்ளிவாசலில் சாயங்கால அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி வெகுநேரம் கழித்து யாஸ்மின் இறங்கி வந்தாள். முகம் கழுவின ஈரம் இன்னும் காயவில்லை. நேராக ஸ்டூலுக்குப் போய் அத்தாவின் தோளில் இரண்டு கையையும் போட்டுக்கொண்டாள்.

"ஒம்பது நிமிசம் அத்தா. அடுத்த நிமிசம் ஆகியிருந்தா போச்சு. அந்த ஆளு என்னமோ கேட்டாரு, நான் எங்கத்தாதான் நெட்வொர்க் பாத்துக்கிறாகன்னு சொன்னேன். வீட்ல இருந்தே செய்யலாம்னு சொல்லிட்டாக."

நத்தர்ஷா அவள் கையைத் தட்டிக் கொடுத்தார். "நல்லது ஆத்தா," என்றார்.

"என்னத்தா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? சாப்பிடலையா?"

"சாப்பிட்டேன்."

"இடிக்குப் பயந்துட்டாக," என்றாள் ரெஹானா. யாஸ்மின் சிரித்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டு, தொழுதுவிட்டு வருகிறேன் என்று மறுபடி மேலே போனாள்.

மேலே அவள் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. நத்தர்ஷாவின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். அக்கா என்று ஒளிர்ந்து, அடித்து ஓய்ந்தது. எழுந்து ஆணியில் மாட்டியிருந்த தொப்பியை எடுத்தார்.

"ஒண்ணு கேக்குறேன்," என்றாள் ரெஹானா.

அவர் நின்றார்.

"நான் அடுப்படியிலேயே இருந்திருந்தா, பத்து நிமிசம் ஆகுறதுக்குள்ள நீங்க அழுத்தியிருப்பீகளா?"

அவர் தொப்பியைத் தலையில் வைத்து, கழற்றி, மறுபடி வைத்தார்.  ரெஹானா காத்திருந்தாள். ஸ்டூலைக் காலால் ஒதுக்கிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, அவர் வெளியே போனார்.